தண்ணி படாத குடங்கள்

"அம்மா, சீர் ரூம் சாவியக் குடு."

கல்யாணம் முடிகிற வரைக்கும் அந்தச் சாவியை நான் கேட்கவே கூடாது. பத்து வயசில் சொல்லி வைத்தது. பி.காம். முடித்து அச்சுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சட்டம் மாறவில்லை.

அம்மா காதில் விழாத மாதிரி முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. அலுமினியப் பவுடர் காது மடல் வரைக்கும் அப்பிக்கொண்டு வரும். தேய்த்துக் குளிக்காவிட்டால் அரித்துப் புண்ணாகிவிடும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான். வீட்டில் நாலு பேர். நாலு பிளாஸ்டிக் குடமும் ஒரு டிரம்மும் ஐந்தாம் நாளே காலி. மூணு நாளாக ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படுக்கிறாள்.

இன்னொரு டிரம் வாங்கலாம். வைக்க இடம்? இருக்கிற ஒரே ரூம் சீருக்கு. பதினோரு எவர்சில்வர் குடம், மூணு அண்டா, மூணு மிக்சி. வருசா வருசம் தீபாவளி போனஸில் வாங்கி, குடம் ஒவ்வொன்றிலும் 'பானு' என்று என் பேரை வெட்டி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் காய்ந்த துணியால் துடைப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் பட்டதில்லை.

"இன்னைக்குத் தண்ணி வருது. அந்தக் குடத்துல பிடிப்போம்."

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? உப்புக்கறை ஏறிரும். பழைய பாத்திரத்தக் கொண்டாந்துட்டான்னு சாத்தூர்ல மாப்பிள்ளை வீட்டுல பேச மாட்டாகளா? ஞாயித்துக்கிழம பாக்க வாராக."

"என்னையப் பாக்கவா, அண்டாவப் பாக்கவா?"

"வாயி! நான் ஒத்த அலுமினியச் சட்டியோட வந்தவ. ஒங்க அப்பத்தா சாகுற வரைக்கும் என்னைய 'சட்டி'ன்னுதான் கூப்பிட்டா."

சொல்லும்போதே அவள் கை மறுபடி முதுகுக்குப் போனது. எடுத்தபோது நகத்தில் ரத்தம்.

எதிர்வீட்டு அத்தை தெருவிலிருந்து கத்தினாள். "பானு! தண்ணி வந்துருச்சு. ஒங்க பாத்திரக்கடைய இன்னைக்காவது தொறக்கீகளா?"

அம்மிக் குழவியை எடுத்தேன். மூணாவது அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே போய் ரெண்டு குடத்தைத் தூக்கினேன்.

"பாவி! ஒன்னையப் படிக்க வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும்!" அம்மா வந்து வாசலை மறித்தாள்.

"எனக்கு ஒரு குக்கர், ரெண்டு தட்டு போதும். மத்ததெல்லாம் இங்கனதான் இருக்கும், தண்ணியோட. சீர் கெடையாதுன்னு காலையிலயே ஸ்ரீராம்குமாருக்குப் போன் பண்ணிட்டேன்."

அம்மா வாசல் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"அம்மாட்டக் கேட்டுச் சொல்றாராம்."

"அவுக வேண்டாம்னுட்டா?"

"நீ மொதல்ல குளி. பெறகு அழுவோம்."

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அவள் மேல் இடிக்காமல் ஒருக்களித்துத் தாண்டி, குழாயடிக்கு நடந்தேன்.