முப்பத்தெட்டாம் இலக்கக்காரன்

விமலாதேவி பந்து விளையாட்டைப் பற்றி எழுதுவாள் என்று சொல்லியிருந்தால், மெல்பேர்னின் டண்டினொங்கில் அவளைத் தெரிந்த எவரும் நம்பியிருக்கமாட்டார்கள். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். மகன் ஆரூரன் பள்ளிக்கூடத்தில் ஃபுட்டி என்ற அவுஸ்திரேலியப் பந்தாட்டம் விளையாடிய காலத்தில், மைதானத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவாளே தவிர, காரை விட்டு இறங்கமாட்டாள். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து அவன்மேல் விழுவதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு பதறும். கண்ணாடியை ஏற்றிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அந்த ஆரூரன்தான் 2005 ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் இரண்டாம் வருடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போனான். அங்கே ஒரு சின்ன ஊரின் கல்லூரி அணிக்குப் பந்தை உயரமாகவும் தூரமாகவும் உதைக்க ஒருவன் வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்தே முட்டைவடிவப் பந்தை உதைத்து வளர்ந்த அவுஸ்திரேலியப் பிள்ளைகளைத் தேடி வந்த பயிற்சியாளர் ஒருவரின் கண்ணில் ஆரூரனின் இடது கால் பட்டுவிட்டது. படிப்பும் தங்குமிடமும் இலவசம் என்றார்.

அவள் கணவர் விக்னராஜா குசினி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பந்து உதைக்கவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்?"

"அப்பா, ஐ கேன் ஸ்டடி தெயர் டூ."

"போறதெண்டால் போ. போனால் பிறகு இந்த வீட்டுக்கு வராதை."

"ஃபைன்," என்றான் ஆரூரன்.

அந்தச் சொற்களை இரண்டு பேரும் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் விமலாதேவி நினைத்தாள். இருவரும் ஒரே அச்சு என்பதை மறந்துபோனாள். விமானநிலையத்துக்கு அவள் மட்டும் போனாள். முதல் சில மாதங்கள் தொலைபேசி வந்தது. எடுத்தது விக்னராஜா என்றால் இரண்டு பக்கமும் பேச்சில்லாமல் வைத்துவிடுவார்கள். பிறகு மின்னஞ்சல் மட்டும் வந்தது. அவள் பக்கம் பக்கமாக எழுதுவாள். அவன், 'நான் ஓகே அம்மா. பிஸி. நல்லா சாப்பிடுங்கோ' என்பான். அவ்வளவுதான். ஒரேயொரு படம் அனுப்பியிருந்தான். கருஞ்சிவப்புச் சட்டை, மஞ்சள் கோடு, நெஞ்சில் முப்பத்தெட்டு. தலைக்கவசத்துக்குள் முகம் பாதிதான் தெரிந்தது.

அடுத்த வருடம் ஜூலையில், தங்கையின் மகனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கச் சந்தைக்குப் பின்தெருவிலுள்ள வீடியோ கேம்ஸ் கடைக்குப் போனாள். வெளிநாட்டு டிஸ்க்குகளை வரவழைத்து விற்கும் கடை. நடத்துபவன் நாகராஜன், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழன். அங்கே ஓர் அட்டைப் பெட்டியின் முதுகில் அதே கருஞ்சிவப்பும் மஞ்சளும் தெரிந்தன. அவள் கை அதில் போய் நின்றது.

"அது அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் ஆன்ட்டி. வருஷா வருஷம் ஒண்ணு வரும். இங்க யாரும் வாங்க மாட்டாங்க. தெரியாம ஆர்டர் போட்டுட்டேன்."

அவள் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். நாகராஜன் கடை டிவியில் டிஸ்க்கைப் போட்டு அணிகளை உருட்டினான். அது இருந்தது. ஆட்டக்காரர்களின் பட்டியலைத் திறந்தான். ஒரு பெயரும் இல்லை; எண்கள் மட்டும் நின்றன.

"பேரு போட மாட்டாங்க. ஸ்டூடன்ட்ஸ் தானே, சம்பளம் கிடையாது. அதனால நம்பர் மட்டும்தான்."

"முப்பத்தெட்டு?"

பந்து உதைப்பவன். இரண்டாம் வருடம். உயரம் ஆரூரனின் உயரம். இடது கால். தோலின் நிறத்தைக்கூடச் சரியாகப் பூசியிருந்தார்கள்.

"யாரு ஆன்ட்டி அது?"

"என்ரை மகன்," என்றாள் விமலாதேவி. சொன்னபிறகு கடையில் மற்றவர்கள் இருப்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினாள். "அவன்தான்."

அமெரிக்க டிஸ்க் இங்கத்தைய விளையாட்டுப் பெட்டியில் ஓடாது. நாகராஜன் ஒரு பழைய அமெரிக்கப் பெட்டியையும், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பாரமான டிரான்ஸ்ஃபோமரையும் தேடிக் கொடுத்தான். சனிக்கிழமைகளில் விக்னராஜாவுக்குத் தொழிற்சாலையில் மதியம் தாண்டியும் வேலை இருக்கும். அவள் அவற்றை ஆரூரனின் அறையிலிருந்த டிவியோடு பொருத்தி, அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அந்த விளையாட்டில் பந்தை முன்னே கொண்டுபோக ஓர் அணிக்கு நாலு தரம் இடம் உண்டு. மூன்று தரமும் சறுக்கினால், நாலாம் தரம் உதைப்பவனைக் கூப்பிட்டுப் பந்தைத் தூர அனுப்பிவிடுவார்கள். அணி நன்றாக ஆடினால் உதைப்பவனுக்கு வேலையே இல்லை. இது அவளுக்கு முதல்நாளே புரிந்துவிட்டது. பொத்தான் எதுவென்று தெரியாமல் அமுக்கி மூன்று தரமும் கவிழ்ந்தபோது, திரையின் ஓரத்திலிருந்து மெலிந்த பையன் ஒருவன் மெதுவாக ஓடிவந்தான். முதுகில் முப்பத்தெட்டு. நின்றான், கைகளை நீட்டினான், பந்தை வாங்கினான், இடது காலை வீசினான். பந்து வானத்தில் சுழன்றுகொண்டு போனது. அவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிப்போனான்.

கொம்பியூட்டர் கீறின படம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அதன்பிறகு அவள் வேண்டுமென்றே தோற்றாள். முதல் தரம் பந்தை நழுவவிட்டாள். இரண்டாம் தரம் பின்னுக்கு ஓடினாள். மூன்றாம் தரம் பந்தை ஆளில்லாத மூலைக்கு எறிந்தாள். எதிரணி நாற்பது, ஐம்பது என்று புள்ளி ஏற்றும். அவளுக்கு என்ன? ஒரு பின்னேரத்தில் அவன் பத்துப் பதினைந்து தரம் வந்துபோவான்.

நாகராஜனின் கடைக்கு ஓர் இணையப் பக்கம் இருந்தது. டிஸ்க்குகளுக்கு விமர்சனம் போடுவான். "இந்தக் கேமை ஆடுற ஒரே ஆள் நீங்கதான் ஆன்ட்டி. நீங்களே எழுதிக் குடுங்க," என்றான். அவள் கிளினிக்கில் மதிய இடைவேளையில் ஆங்கிலத்தில் எழுதினாள். வேகம், நிறம், பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரு வரி. மீதி முழுக்க உதைப்பவனைப் பற்றி: 'இந்த விளையாட்டில் முதல் மூன்று முயற்சிகளையும் வேகமாகக் கடந்துவிடுங்கள். நாலாவதுதான் பார்க்கத் தகுந்தது. உதைப்பவன் மைதானத்தில் நிற்கும் நேரம் மிகவும் குறைவு. அடுத்த வருடமாவது கூட்ட வேண்டும்.' வாசித்தவர்கள் யாரோ பகிடி விடுவதாக நினைத்துக் கீழே சிரித்து எழுதினார்கள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி விக்னராஜா நேரத்தோடு வந்துவிட்டார். மகனின் அறையிலிருந்து சனத்தின் ஆரவாரம் கேட்டது. கதவைத் திறந்தார்.

"என்ன செய்யிறீர்?"

விமலாதேவி மறைக்க நினைக்கவில்லை. "இது அவன்ரை கொலிஜ். அவனும் இருக்கிறான்."

அவர் கதவுநிலையில் சாய்ந்து திரையைப் பார்த்தார்.

"எது அவன்?"

"இன்னும் வரேல்லை. மூண்டு தரம் தோற்கவேணும். தோத்தால்தான் வருவான்."

முப்பத்தெட்டு வந்து உதைத்துவிட்டுப் போனான். விக்னராஜா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேசைக்குக் கீழேயிருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அதன்பிறகு சனிக்கிழமை மேலதிக வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஒருநாள், "கொண்டாரும், நான் ஒருக்கால் பாப்பம்," என்று கொன்ட்ரோலரை வாங்கினார். அவருக்குத் தோற்க வரவில்லை. முதல் தரமே பந்தோடு ஓடி எல்லையைத் தொட்டுவிட்டார், அடுத்ததும் அப்படியே. ஒரு மணித்தியாலம் ஆடி வென்றார். முப்பத்தெட்டு ஒருதரம்கூட மைதானத்துக்குள் வரவில்லை.

"நீங்கள் இப்பிடி வெண்டுகொண்டிருந்தால் பிள்ளையை எப்ப பாக்கிறது?" என்றாள் விமலாதேவி.

அவர் கொன்ட்ரோலரை அவள் மடியில் திருப்பி வைத்தார்.

2007 இன் டிஸ்க் ஜூலை கடைசியில் வந்தது. இருவருமாகப் போய் வாங்கினார்கள். முப்பத்தெட்டு ஓடிவந்தான், பந்தை வாங்கினான், வலது காலால் உதைத்தான்.

"இதென்ன, கால் மாறிப்போச்சு," என்றார் விக்னராஜா.

இன்னொரு தரம் பார்த்தார்கள். வலது கால்தான். தோளும் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. விமலாதேவிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த முறை விமர்சனம் சூடாகவே வந்தது: 'ஒரு வருடம் முழுக்க இருந்து செய்திருக்கிறார்கள். இந்தக் கல்லூரியின் முப்பத்தெட்டாம் இலக்கக்காரன் இடதுகாலன் என்பதைக் கவனிக்கவில்லை. மூன்று வயதிலிருந்து இடது காலால் உதைக்கும் பிள்ளை அவன். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கலாம்.'

அமெரிக்காவில் யாரோ அதை எடுத்து அந்தக் கல்லூரி ரசிகர்களின் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் கிளினிக்கின் தொலைபேசி அடித்தது. வழக்கமான வாசகத்தை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அம்மா."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஆரூரன்?"

"அம்மா, அந்த ரிவ்யூ... நீங்களோ எழுதினது? மூண்டு வயசிலையிருந்து எண்டு? இட் ஹாட் டு பி யூ." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அம்மா, அவங்கள் பிழை விடேல்லை. அது நானில்லை."

அவளுக்கு விளங்கவில்லை.

"போன வருஷம் ப்ராக்டிஸிலை என்ரை முழங்கால் திரும்பிப்போச்சு. சேர்ஜரி செய்தவங்கள். இனி விளையாட ஏலாது. நம்பரை வேறை ஒருத்தனுக்குக் குடுத்திட்டாங்கள். ஹவாய்ப் பெடியன். நல்லவன்."

"ஒப்பரேஷனோ? ஆர் பக்கத்திலை இருந்தது?"

"ரூம்மேட் இருந்தவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் அப்பா சொன்னது சரியெண்டு ஆகிடும்," என்றான். "படிப்பு நிக்கேல்லை அம்மா. ஜியோலஜி படிக்கிறன். பின்னேரத்திலை கன்ரீனிலை வேலை. ஐயாம் ஓகே, ரியலி."

காத்திருந்த கிழவர் ஒருவர் எழும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றார். விமலாதேவி அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, "சாப்பிட்டியோ?" என்று கேட்டாள்.

பின்னேரம் விக்னராஜா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு மாதமாக யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்றாள். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. எழும்பிப் போய்க் கடையில் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கிவந்து, வாசலிலேயே நின்று அதன் இரகசிய இலக்கத்தை நாணயத்தால் சுரண்டினார். அங்கே விடியும்வரை பார்த்திருந்து, இலக்கங்களைப் பிழையாக அழுத்தி, மறுபடி அழுத்தினார்.

"ஆரூரன்... அப்பா."

"ஹலோ அப்பா."

"முழங்கால் எப்பிடி?"

"பரவாயில்லை. குளிருக்கு நோகும்."

"நடக்கிறியோ?"

"ஓம்."

விமலாதேவி பக்கத்தில் நின்று கணவரின் முகத்தையே பார்த்தாள். வா என்று ஒரு சொல். இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று பார்த்தாள். அவர் ரிசீவரை அவளிடம் நீட்டிவிட்டுப் பின்வளவுக்குப் போய், உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பேசி முடித்து வெளியே வந்தபோதும் அங்கேயே நின்றார்.

"கிறிஸ்மஸுக்கு வாறானோ எண்டு கேட்டிருக்கலாமே நீர்?"

"நீங்கள்தானே வராதை எண்டனீங்கள். நீங்கள்தான் கேக்கவேணும்."

அவர் கேட்க இன்னும் சில மாதங்கள் எடுத்தன. ஞாயிறுதோறும் பேசினார்கள். காலநிலை, கால், கன்ரீன் சாப்பாடு. பெப்ரவரியில் ஒருநாள், அட்டையில் நிமிடங்கள் முடியப்போகின்றன என்று பதிவுசெய்த பெண்குரல் எச்சரித்த பிறகு, விக்னராஜா அவசரமாக, "வீட்டை வா தம்பி," என்றார். தொடர்பு அறுந்துபோனது. ஆரூரனுக்குக் கேட்டதோ இல்லையோ என்று அன்றிரவு முழுக்க அவருக்குக் கவலை.

கேட்டிருந்தது. அடுத்த ஞாயிறு அவன், "படிப்பு முடிய வாறன் அப்பா. இன்னும் ஒரு வருஷம்," என்றான். வாறன் என்று அவன் சொன்னதை விமலாதேவி அந்த வாரம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் ஒரு வருஷம் என்பது நீளமானது. அவனுக்கு விடுமுறையில் பாறைகளைப் பார்க்கப் போகும் வேலை இருந்தது. இவர்கள் போகலாமென்றால், இருபத்துமூன்று வயதுப் பையன், "வேண்டாம் அம்மா, நானே வந்து நிக்கிறன்," என்று பிடிவாதம் பிடித்தான். அவள் விட்டுவிட்டாள்.

2008 ஜூலையில் நாகராஜன் கூப்பிட்டான். "ஆன்ட்டி, புதுசு வந்திருக்கு. இந்தத் தடவை உங்களுக்கு வேணாம்தானே? திருப்பி அனுப்பிடட்டுமா?"

"வை. நான் வாறன்."

சனிக்கிழமை இருவரும் அறையில் இருந்தார்கள். ஆட்டம் நடக்கும் நாள்களில் கன்ரீனைப் பூட்டிவிடுவார்கள், அப்போது தானும் போய் மாணவர்களோடு நின்று கத்துவதாக ஆரூரன் சொல்லியிருந்தான். வடக்குப் பக்கம், கோல் கம்பத்துக்குப் பின்னால். விமலாதேவி ஆட்டத்தை நிறுத்தி, படத்தை மெதுவாக மேலே தூக்கி வடக்குப் பக்கம் திருப்பினாள். இந்த வருடம் சனத்தை முன்னையைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். கைகள் அசைந்தன, சிலர் எழும்பிக் குதித்தார்கள். கிட்டக் கொண்டுபோனால் முகங்கள் கலங்கின. நாலைந்து முகங்களையே திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கருஞ்சிவப்புச் சட்டை.

விக்னராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை முன்னுக்கு நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் கொண்டுபோம்," என்றார்.

அவள் கொண்டுபோனாள்.