பங்கருக்குள் விலகிய சுருதி

ஞானேஸ்வரிக்குச் சந்தேகம் வந்தால் அது தனியாக வராது. சட்டி பானை, பாய் தலையணையோடு குடும்பமாக வந்து இறங்கிவிடும். அன்றைக்கும் அப்படித்தான். ஸ்கந்தபுரத்தில், ரேடியோ திருத்துகிற கிருபனின் வளவுப் பங்கருக்குள் குந்தியிருந்து, வோக்மன் குமிழைக் காதில் செருகிக்கொண்டு அம்மன் பாட்டின் முதல் வரியை எடுத்தவள், பாதியில் நிறுத்தினாள்.

“தம்பி, ஆர்மோனியம் கூடி நிக்குது.”

படியில் இருந்த கிருபன் தலையை உள்ளே நீட்டினான். “என்னக்கா?”

“சுருதி கூட எண்டு சொல்லுறன். ஒரு மயிரிழைதான். உனக்குக் கேக்கேல்லையோ?”

“எனக்குச் சரியாத்தான் கேக்குது.” அதே வயரின் மற்றக் குமிழ் அவன் காதில் இருந்தது.

பாடுவதற்குப் பங்கரா என்று கேட்பீர்கள். வேறு எங்கே பாடுவது? கோயில் திருவிழாவுக்கு ஒரு கசற் வேண்டும், வெளிநாட்டுக்குப் போன ஊராட்களுக்கும் அதில் கொப்பி அனுப்ப வேண்டும் என்று தர்மகர்த்தா சபை முடிவெடுத்துவிட்டது. கரண்ட் இல்லை, கிருபன் உழவு மெசின் பற்றரியில் வேலையை ஓட்டுவான். ஆனால் மேலே இருந்து பாடினால் மாடு கத்துவதும் பக்கத்து வளவுப் புருசன் பெண்சாதி சண்டையும் பக்திப் பாட்டுக்குள்ளே வந்துவிடும். ஆமி அடிக்கிற செல்லுக்குப் பயந்து நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் ஒரு சத்தமும் வராது. என்ன, ஒருவர் இறங்கினால் மற்றவர் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆகவே கோயிலில் அவளுக்கு ஆர்மோனியம் வாசிக்கிற மாயாண்டி முதலில் தனியே இறங்கி வாசித்துப் பதிந்துவிட்டார். இனி ஞானேஸ்வரி இறங்கி, அந்த வாசிப்பைக் காதில் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். கிருபன் தன் கையால் செய்த ஒரு பெட்டியில் இரண்டையும் சேர்த்து வேறு கசற்றில் பிடிப்பான்.

அவள் மறுபடியும் பாடினாள். வலது காதை விரலால் அடைத்து, இடது காதில் கேட்ட ஆர்மோனியத்தை இம்மியும் விடாமல் பிடித்துக்கொண்டு பாடினாள். மேலே ஏறி வந்ததும் கிருபன் பதிந்ததை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான்.

ஐயோ, அதை என்னவென்று சொல்ல! ஆர்மோனியம் ஒரு வழி, அவள் குரல் ஒரு வழி. கேட்டவர்களுக்குப் பல் கூசியது. மாமர நிழலில் இருந்த மாயாண்டி தலையைக் குனிந்தார். அவருடைய மகள் நிரோஜா தகப்பனை ஒருதரம் பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள்.

அந்தப் பார்வை போதாதா? ஞானேஸ்வரியின் சந்தேகம் பாயை விரித்துக் கால் நீட்டியது.

சண்டையில் உருத்திரபுரத்தை விட்டு ஓடி வந்தபோது வீடு போனது, வயல் போனது, அலுமாரியோடு உடுப்பும் போனது. குரல் ஒன்றுதான் கூட வந்தது. இடம்பெயர்ந்த சனத்துக்குள் அவள் யார் என்று கேட்டால், ‘கோயிலில் பாடுறவா’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கசற்றில் அவள் குரல் இல்லை என்றால் அவள் யாருமில்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள், அதில் பிழையும் சொல்ல முடியாது.

முதல்நாள் நடந்தது இப்போது வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, கிருபன் நிரோஜாவைத்தானே பங்கருக்குள் இறக்கிப் பாடச் சொன்னான்? அவள் பாடியபோது எல்லாம் ஒழுங்காக இருந்ததே? கிருபனுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. நிரோஜாவோ குமர்ப்பிள்ளை. மாயாண்டிக்கு மகள் பாடவேண்டும் என்ற ஆசை எத்தனை நாளாக இருந்ததோ! மூன்று பேரும் கூடிக் கதைத்து ஆர்மோனியத்தின் சுருதியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாட்டுக்காரி பிழை விடுவாள், பிள்ளை பாடுவாள். ஆகா, என்ன கெட்டித்தனம்!

“கிருபன், எனக்கு ஒரு டேப்பும் வெளியில வேற டேப்புமோ போடுறாய்?”

“என்னக்கா விசர்க்கதை கதைக்கிறியள்? இருக்கிறதே ஒண்டு.”

“அப்ப ஆர்மோனியத்திலதான் விளையாட்டு.” அவள் மாயாண்டியின் பக்கம் திரும்பினாள். “நேர கேட்டிருக்கலாமே, என்ர மகள் பாடட்டும் எண்டு? எதுக்கு இந்தக் கள்ள வேலை?”

மாயாண்டி எழுந்து நின்றார். கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து இருபது வருசமாகியும் அவர் பேச்சில் தோட்டத்து வாசம் போகவில்லை. “என்னம்மா சொல்றீங்க? நான் எதுக்குங்க அப்படிப் பண்ணணும்?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் ஞானேஸ்வரியின் வாய்க்குக் கதவும் இல்லை, படலையும் இல்லை.

“தோட்டக்காட்டில இருந்து வந்த ஆக்களைச் சரிசமனா இருத்தினது எங்கட பிழை.”

கிருபன், “அக்கா!” என்று கத்தினான். நிரோஜாவின் முகம் கறுத்துப் போனது. மாயாண்டி ஆர்மோனியத்தைத் துணியால் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்து ரியூப்பால் இழுத்துக் கட்டினார். மகள் பின்னால் நடக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

“போகட்டும். டேப் இருக்குத்தானே, போடு!” என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி மறுபடியும் பங்கருக்குள் இறங்கினாள். கிருபனின் முகத்தைப் பார்க்க வெறுப்பாக இருந்தது. அவனுக்கு முதுகைக் காட்டி, மற்றச் சுவரைப் பார்த்து இருந்தாள். அப்படித் திரும்பியதில் வயர் இடது பக்கம் எட்டவில்லை. குமிழை வலது காதில் செருகி, இடது காதை விரலால் அடைத்தாள்.

ஆர்மோனியம் வந்தது. அச்சொட்டான சுருதியில் வந்தது.

பார்த்தாயா, ஆள் போனதும் கிருபன் பயத்தில் திருத்திவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். “இப்ப என்னத்தை மாத்தினனி?”

“ஒண்டையும் தொடேல்லை. சத்தியமா.”

அவள் குமிழைக் கழற்றி இடது காதில் வைத்தாள். சுருதி கூடியது. வலதில் வைத்தாள், சரி. இடதில் வைத்தாள், கூடியது. இடம்பெயர்ந்து வரும்போது கொல்லன் பட்டறை வளைவில் செல் விழுந்தது அவளுக்கு இடப்பக்கம்தான். கொஞ்ச நாள் அந்தக் காதுக்குள் கூவென்று இரைந்தது, பிறகு நின்றுவிட்டது, அவளும் மறந்துவிட்டாள். கோயிலில் இரண்டு காதாலும் கேட்டுப் பாடும்போது நல்ல காது கெட்ட காதை மூடிக் காப்பாற்றியிருக்கிறது. பங்கருக்குள் கெட்ட காது தனியே மாட்டிக்கொண்டது.

கள்ளன் வெளியில் இல்லை. அவளுடைய தலைக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

யாருக்கும் தெரியாது. வலது காதில் குமிழை வைத்துப் பாடிவிட்டால் கசற் முடிந்துவிடும். ஆர்மோனியம் பழுது, பிறகு சரியாகிவிட்டது என்று ஊர் நம்பும். ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அந்த மனிதரின் முதுகு கண்ணை விட்டுப் போக மறுத்தது. அவள் மேலே வந்து கிருபனிடம் வோக்மனைக் கேட்டாள். அவன் வெயிலில் காய வைத்து உயிர் கொடுத்த இரண்டு சின்னப் பற்றரிகளைப் போட்டுக் கொடுத்தான்.

மாயாண்டியின் கொட்டில் வாய்க்கால் கரையில் இருந்தது. அவர் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். நிரோஜா கதிரை கொண்டுவந்து போடவில்லை. ஞானேஸ்வரி நின்றபடியே சொன்னாள்.

“மாயாண்டியண்ணை, உங்கட ஆர்மோனியத்தில ஒரு பிழையும் இல்லை. என்ர இடது காது பழுது. அது சுருதியைக் கூட்டிக் காட்டுது.”

மாயாண்டி நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். “கோயில்ல மாசக்கணக்கா பாடுறீங்க, ஒரு நாள் சுருதி விலகினதில்ல. இன்னிக்கி மட்டும் காது பழுதாயிருச்சாக்கும்?”

“உண்மையா.”

“ஆர்மோனியத்துக்கு ஆள் இல்லாம திருவிழா நின்னுரும்னு சபைக்காரங்க அனுப்பினாங்களா? எதுக்கும்மா இப்படி ஒரு பொய்?”

அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் இவரிடம் தான் கேட்ட கேள்வி இப்போது இவர் வாயிலிருந்து வருகிறது. சந்தேகப்படுகிறவளுக்குத் தெரியாத ஒன்று, சந்தேகப்படுகிற முகம் எதிரே இருந்து பார்க்க எப்படி இருக்கும் என்பது.

“இதைக் காதில வையுங்கோ,” என்று ஒரு குமிழை நீட்டினாள். அவர் தயங்கி வாங்கினார். மற்றதை அவள் இடது காதில் வைத்து, வலது காதை இறுக்கி அடைத்தாள். வோக்மனைத் தட்டிவிட்டு வாயைத் திறந்து பாடினாள்.

விளையாட்டுக்குக்கூடச் சுருதி விட்டுப் பாடாத மனுசி. குழந்தையைத் தாலாட்டினாலும் சுருதி பிசகக் கூடாது என்று நிற்பவள். அவள் பட்டப்பகலில், வாய்க்கால் கரையில், பல் கூசக் கூசப் பாடினாள். மெதுவாகவும் பாடவில்லை, கோயிலில் பாடுகிற அதே குரலில் பாடினாள். பக்கத்துக் கொட்டிலில் இருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு எவ்வளவு விலகுகிறது என்பதை ஞானேஸ்வரி நிரோஜாவின் முகத்தில்தான் அறிந்தாள். அந்தப் பிள்ளை முதலில் முகத்தைச் சுழித்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள், பிறகு அவள் கண் கலங்கியது.

“காணும் அன்ரி. நிப்பாட்டுங்கோ.”

ஞானேஸ்வரி சரணம் முழுவதையும் பாடிவிட்டுத்தான் நிறுத்தினாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

மாயாண்டி குமிழைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுருட்டி அவள் கையில் வைத்தார். குரலில் கோபம் இல்லை.

“நம்புறேம்மா. காதாலதான் சுருதி போச்சு.” அவர் மண்வெட்டியை மறுபடி எடுத்து மடியில் வைத்தார். “அந்தத் தோட்டக்காட்டுப் பேச்சு எதால வந்துச்சுங்க?”

ஞானேஸ்வரி அவருக்கு எதிரே முற்றத்து மண்ணில் குந்தினாள். நிரோஜாவும் தகப்பனும் அவளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.