பத்து செக்டர்

பொன்மலரின் புது விலாசத்தை நானே கத்தரித்துவிட்டேன் என்பது, அவளுக்கான உறையில் பெயரை எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. டைரியில் இருந்தது பழைய விலாசம். புதியது போன கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பிய உறையின் பின்பக்கம் இருந்தது. அந்த உறைதான் இப்போது அவளுக்குச் செய்த கார்டில் நட்சத்திரமாக ஒட்டியிருந்தது.

வருஷா வருஷம் நானே கார்டு செய்கிறேன். வேலூர் ஆஸ்டலில் வெள்ளைக்காரத் துரைசானியம்மா ஒருவர் துண்டுத் துணிகளை நட்சத்திரமாகச் சேர்த்துப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்தார். போர்வை தைத்துப் போர்த்திவிட எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் காகிதத்தில் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவின் கணவர் ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவரும் பூப்போட்ட காகிதம். எட்டு சாய்சதுரம் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம். பின்பக்கம் அட்டை அச்சை வைத்துக் கோடு போட்டுத்தான் வெட்டுவேன். அவள் எழுத்தின் மேலேயே கோடு போட்டிருக்கிறேன். உறையின் உட்புறத்து நீலக் கொடியைப் பார்த்த ஆசையில் எழுத்தைப் படிக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளைக் கவனமில்லை என்று திட்டுகிற வாய் இது.

ஆஸ்டலில் மூன்று வருஷம் எனக்குப் பக்கத்துப் படுக்கை அவள். புருஷன் போனபின் வடக்கே பிலாயில் இருக்கும் மகனிடம் போய்விட்டாள். "இங்க பேச ஆளில்ல புஷ்பம். ஒரு வரியாவது போடு. நீ போடலன்னா நானும் இனிமே எழுதமாட்டேன்" என்று அந்தக் கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தாள். கார்டோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று பதினோரு மாதம் தள்ளிப்போட்டேன். அவளை விட்டால் என்னைப் புஷ்பம் என்று கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் நான் டீச்சர்.

கார்டைக் கொதிநீர் ஆவியில் காட்டினேன். ஏழு துண்டு முழுசாக வந்தது. எட்டாவது என் அவசரத்தில் கூழாகிவிட்டது. வெட்டிய வரிசையில் சேர்த்துப் பார்த்தேன். வீட்டு நம்பர் இருந்தது, தெரு இருந்தது, பிலாய் இருந்தது. செக்டர் என்ற சொல்லுக்குப் பிறகு இருக்கவேண்டிய நம்பர் மட்டும் இல்லை.

"இன்னா டீச்சர், மூஞ்சே சரியில்ல?" என்று நசீமுன்னிசா வந்தாள். சொன்னேன்.

"எத்தினி செக்டர் கீதாம்?"

"பத்து. எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுன்னு எழுதியிருந்தா."

"பேஜார்தான். பத்துக்கும் போட்டுடுங்களேன்." சிரித்துவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு நாளில் எண்பது துண்டு வெட்டினேன். பத்துக் கார்டிலும் ஒரே வரி: 'தப்பு என்னுதுதான் மலர், எழுது.' உறையின் பின்னால் என் விலாசத்தைப் பெரிதாக எழுதினேன். ஆள் இல்லாத ஒன்பதும் திரும்பி வந்துவிடும். வராததுதான் அவள் கையில் இருக்கும்.

பிப்ரவரி முடிவதற்குள் ஒன்பதும் வந்துவிட்டன. செக்டர் ஏழு மட்டும் வரவில்லை. ஒவ்வொன்றாக வரும்போது சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மனசுக்குள் ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்குப் போய் வந்தேன்.

இன்று சனிக்கிழமை. தபால்காரர் சீனிவாசன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"டீச்சர், பிலாய்லருந்து ஒண்ணு வந்துகீது."

அவர் கையில் ஒரு வெள்ளை உறை. நான் அனுப்பியவையும் வெள்ளை உறைகள்தான். அதில் இருப்பது யார் எழுத்து என்று அங்கிருந்து தெரியவில்லை. கண்ணாடி உள்ளே மேஜைமேல் இருந்தது. எடுக்கப் போகாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.