பட்டியலில் முதல் பாட்டு

ஆண்டின் சிறந்த பத்துப் பாடல்கள் என்றால் பத்துதான் இருக்க வேண்டும். பதினொன்றாவதாக ஒன்றைச் சிறப்புக் குறிப்பு என்று ஒட்டவைப்பதும், மூன்றாம் இடத்தை இரண்டு பாடல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் முடிவெடுக்கத் துணிவில்லாதவர்கள் செய்யும் வேலை. ஐந்து ஆண்டுகளாக நான் அனுப்பிவரும் பட்டியலில் ஒருமுறைகூட அப்படி நேர்ந்ததில்லை.

பட்டியலைச் சிதம்பரத்தில் இருக்கும் ராஜ்கமலுக்கு அனுப்புவேன். கைப்பேசி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயது. சினிமாவைச் சாராமல், தாங்களே எழுதி, தாங்களே பதிவுசெய்து வெளியிடும் தமிழ் ராக் குழுக்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார். டிசம்பர் வந்தால் ரசிகர்களிடம் பட்டியல் கேட்டு வாங்கி வெளியிடுவார். மற்ற ரசிகர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது.

"மேடம், உங்க லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே பசங்களுக்கு வயித்தக் கலக்குது. போன வருஷம் ஏழாவது எடம் குடுத்தீங்களே, அந்த பேஸ் கிட்டார் பையன் இன்னும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டறான்."

"ஏழு கெடச்சதுக்கே அவன் சந்தோஷப்படணும். பாட்டு நாலாவது நிமிஷத்துலயே முடிஞ்சு போச்சு. மேல ரெண்டு நிமிஷம் எதுக்கு இழுக்குறான்?"

இந்த ரசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கடலூர் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் காதில் ஹெட்போனுடன் அமர்ந்து வெளியூர் அழைப்புகளை இணைத்தவள் நான். மழைக்காலத்தில் கம்பி வழியாக வரும் இரைச்சலும், இரண்டு இணைப்புகள் உரசும்போது எழும் ஊளையும் எனக்குப் பழக்கமானவை. ஓய்வு பெற்றபின் வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. ஒருநாள் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பையனின் கைப்பேசியிலிருந்து மின்கிட்டாரின் கரகரப்பைக் கேட்டபோது, பழைய அலுவலகத்துக்குள் மீண்டும் நுழைந்ததைப் போல் இருந்தது.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் சொன்ன விதி ஒன்று உண்டு. "லைன் நல்லா இருக்கான்னு கேளு. என்ன பேசுறாங்கன்னு கேக்காத." அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. நாளடைவில் அது காதின் இயல்பாகவே ஆகிவிட்டது. பாட்டிலும் நான் சொற்களைக் கேட்பதில்லை. கிட்டார் எந்த இடத்தில் நுழைகிறது, டிரம் எங்கே மூச்சுவிடுகிறது, குரல் இரைச்சலுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பவற்றுக்கே மதிப்பெண்.

இந்த ஆண்டு நான் முதலிடம் கொடுத்தது 'முகத்துவாரம்' என்ற புதிய குழுவின் 'இடுப்பளவு' என்ற பாட்டுக்கு. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் எங்கும் இல்லை, நானும் தேடவில்லை. ஆடியில் வெளியானதிலிருந்து நூறு முறைக்குக் குறையாமல் கேட்டிருப்பேன். சமைக்கும்போதுகூட என் விரல்கள் அதன் தாளத்தை அடுப்பு மேடையில் தட்டின. பட்டியலில் அதைப் பற்றி இப்படி எழுதினேன்:

"தாளம் டிரம்மில் தொடங்கவில்லை, இரும்பின்மேல் இரும்பு மோதும் ஓசையில் தொடங்குகிறது. மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு. இதைக் கேட்டுக்கொண்டு கதவைத் திறக்காமல் இருக்கக்கூடிய மனிதர் எவரும் இல்லை."

ராஜ்கமல் அந்த வரிகளைத் தனியாக எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டார். நானூறு பேர் அதைப் பகிர்ந்தார்கள். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

டிசம்பர் கடைசி ஞாயிறன்று சிதம்பரத்தில் ஒரு கூட்டம். ரசிகர்கள் முதலிடம் கொடுத்த பாடல்களை அந்தந்தக் குழுவே வந்து வாசிக்கும். பட்டியல் போட்டவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிப் பேருந்தில் கடலூரிலிருந்து புறப்பட்டேன். கீழ வீதியில் ஆருத்ரா தேருக்கான வேலை நடந்துகொண்டிருந்ததால் ஆட்டோ சுற்றிப் போயிற்று. தெற்கு வீதியில் ஒரு தையல் பயிற்சிக் கூடத்தின் மாடிதான் அரங்கம். தையல் இயந்திரங்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வரிசைகள் நேராக இருந்தன.

"வாங்க மேடம்! இந்த வருஷம் ஒரு புது ஐடியா," என்று ராஜ்கமல் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். "முதலிடப் பாட்டு எல்லாத்துக்கும் வரிய பிரின்ட் எடுத்துட்டேன். நீங்கதான் வார்த்தையே கேக்க மாட்டீங்களே, இன்னிக்கு வாசிச்சாவது பாருங்க."

சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

*இடுப்பளவு தண்ணி, எங்கம்மா கையில பூட்டு*
*தட்டுனா, தட்டுனா, தட்டிக்கிட்டே நின்னா*
*மேல ஒரு வெளக்கு எரிஞ்சிச்சு*
*நாங்க தட்டத் தட்ட அது அணைஞ்சிச்சு*

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. மீண்டும் முன்புறத்தைப் பார்த்தேன். அதே நான்கு வரிகள். அருகிலிருந்த தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த விளக்கு என்னுடையது.

சென்ற ஆண்டு கார்த்திகைப் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுக்கு அருகிலுள்ள எங்கள் நகருக்குள் விடியுமுன் தண்ணீர் புகுந்தது. நான் மாடியில் இருந்தேன். கீழ்ப்பகுதி பூட்டிக் கிடந்தது. படிக்கட்டின் அடியில் கூரைவரை எழுந்த கிரில் கதவு, அதிலும் பூட்டு. தெருவில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் இருந்ததால் என் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அப்போதுதான் தட்டும் ஓசை கேட்டது. யாரோ பூட்டைத் தூக்கிக் கதவின்மேல் அடித்தார்கள். மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு.

பக்கத்து ஓட்டுவீட்டில் இட்லிக் கடை வைத்திருந்த லோகநாயகியும் அவள் மகளும்தான் என்று எனக்குத் தெரியும். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் அப்போது காதில் இல்லை, மேசைமேல் இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. நான் எழுந்துபோய் விளக்கை அணைத்தேன்.

தண்ணீர் இடுப்புக்குமேல் ஏறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி இரண்டரை மணி நேரம் நின்றார்கள். தேவனாம்பட்டினத்து மீனவர்கள் படகில் வந்து இருவரையும் இறக்கினார்கள். தண்ணீருக்கடியில் கிடந்த தகரம் லோகநாயகியின் காலைக் கிழித்திருந்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. தை மாதத்தில் கணுக்காலோடு பாதத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு கடையை மூடிவிட்டுச் சிதம்பரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளம் வடிந்த அன்று லோகநாயகி தானாகவே சொன்னாள்: "மேலூட்டம்மா காதுல அத மாட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க. பாவம், உங்களுக்கு எப்பிடிக் கேக்கும்?" நான் தலையசைத்தேன். பொய்யைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே செய்து கையில் கொடுத்துவிட்டாள். அந்தத் தட்டையே நூறு முறை பாட்டாகக் கேட்டும், அது எங்கிருந்து வந்தது என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"படிச்சிட்டீங்களா?"

திரும்பினேன். ஒட்ட வெட்டிய முடி, கையில் டிரம் குச்சிகள். இருபது வயதிருக்கும். லோகநாயகியின் மகள்.

"வெண்மதி..."

"பரவால்ல, பேர் ஞாபகம் இருக்கு." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "உங்க லிஸ்ட்ட பாத்தப்ப போன கீழ போட்டுட்டேன் மேடம். கதவத் தொறக்காத மனுசங்களே இல்லன்னு எழுதியிருந்தீங்க. தெரிஞ்சுதான் எங்கள நக்கல் பண்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் ராஜ்கமல் அண்ணன் சொன்னாரு, அவுங்க வார்த்தையே கேக்க மாட்டாங்கன்னு. அது இன்னும் மோசமா இருந்துச்சு."

தாளை மடித்தேன்.

"அம்மாவுக்குத் தெரியாது," என்றாள். "லைட்டு அணைஞ்சத நான் மட்டுந்தான் பாத்தேன். அவுங்க குனிஞ்சு பூட்டத் தட்டிக்கிட்டு இருந்தாங்க. தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னுதான் அந்த வரிய ஒண்ணும் புரியாத மாதிரி கத்தி வெச்சேன். இன்னிக்கு இவரு பேப்பர் அடிச்சுக் குடுப்பாருன்னு யாரு கண்டா?"

"உங்கம்மா வந்திருக்காங்களா?"

அவள் குச்சியால் முதல் வரிசையைக் காட்டினாள். "உங்களப் பாக்கணும்னேதான் வந்திருக்காங்க."

"நான் என்ன செய்யணும்?"

"என்னக் கேக்காதீங்க மேடம்," என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டாள்.

முதல் வரிசைவரை நடந்தேன். லோகநாயகி நாற்காலியில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு அமர்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"மேலூட்டம்மா! அட, உக்காருங்க, இப்பிடி எம்பக்கத்துலயே உக்காருங்க. எம்பொண்ணு பாட்டத்தான் நீங்க மொத எடத்துல வெச்சீங்களாமே? எந்தம்பிகிட்ட நாலு நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன், மேலூட்டம்மா லேசுல ஒண்ண நல்லாருக்குன்னு சொல்ற ஆளில்லன்னு. என் சாம்பாரயே அஞ்சு வருசத்துல ஒருக்காதான் நல்லாருக்குன்னாங்க."

"உப்பு சரியா இருந்த அன்னிக்குச் சொன்னேன்," என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மடியிலிருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். இவ பாடுறது எனக்கு ஒரு எழவும் வெளங்க மாட்டேங்குது, ஒரே கத்தல். நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன்."

மேடையில் வெண்மதி டிரம்முக்குப் பின்னால் அமர்ந்திருந்தாள். குச்சிகள் மடியில் கிடந்தன. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வரியை வாசித்தேன். "என்னையா சொல்றா?" என்று லோகநாயகி முகம் மலர்ந்தாள். இரண்டாவது வரியை வாசித்தேன். "ஆமா, கை கன்னிப் போச்சு அன்னிக்கு." மூன்றாவது வரியை வாசித்தேன். இதோடு நிறுத்தினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். வெண்மதி வாய் திறக்க மாட்டாள்; ஓர் ஆண்டாக அவள் திறக்கவில்லை.

நான்காவது வரியையும் வாசித்தேன்.

"எந்த வெளக்கு?" என்று லோகநாயகி கேட்டாள்.

"என் வீட்டு வெளக்கு."

"கரண்ட்டு போயிருக்கும்."

"இன்வெர்ட்டர் இருந்துச்சு. நான்தான் அணைச்சேன்."

அவள் என் காதைப் பார்த்தாள். "அத மாட்டியிருந்தீங்களே?"

"இல்ல. மேசைமேல இருந்துச்சு. நீ மொதத் தட்டு தட்டுனதுலருந்து கேட்டுது."

பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லோகநாயகியின் முகத்தில் கோபம் இல்லை. காணாமல் போன பொருளைத் தேடுகிறவளைப் போல் என் முகத்தையே பார்த்தாள்.

"ஏன்?"

ஓர் ஆண்டாக நான் திரட்டி வைத்திருந்த காரணங்கள் பல. உண்மை மிகச் சிறியதாக இருந்தது.

"உங்க ரெண்டு பேரையும் ஈரத்துணியோட என் சமையலறையில நெனச்சுப் பாத்தேன். வந்தா எத்தன நாள் இருப்பீங்களோன்னு நெனச்சேன். எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

"தண்ணி எறங்கினப்புறம் நீங்கதானே வந்து என் கால்ல துணி சுத்துனீங்க?"

"ஆமா."

"எல்லாம் தெரிஞ்சேவா சுத்துனீங்க?"

"தெரிஞ்சேதான்."

அவள் புடவையின் கீழ் ஓரத்தை இழுத்து, இல்லாத பாதத்தின் இடத்தை மூடிக்கொண்டாள். அந்த அசைவைப் பார்த்தபின் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மேடையில் ராஜ்கமல் மைக்கைத் தட்டினார். "அடுத்ததா நம்ம கடலூர் அமராவதி மேடத்தோட முதலிடம். மேடம், வந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க!" பிள்ளைகள் கைதட்டினார்கள், ஒருவன் விசிலடித்தான்.

நான் எழுந்தேன். "எல்லாருக்கும் சொல்லிடறேன் லோகநாயகி. நான் எழுதுனது பொய்யின்னு."

"தட்டுனவ நான்," என்றாள் அவள். "எனக்குச் சொல்லிட்டீங்க. ஊருக்குச் சொல்றதப் பத்தி அப்புறமா நான் யோசிச்சுச் சொல்றேன். இப்ப உக்காருங்க. உக்காந்து முழுசாக் கேளுங்க."

உட்கார்ந்தேன். ராஜ்கமல் எங்கள் இருவரையும் பார்த்து, என்னவென்று புரியாமல், குழுவுக்குக் கையசைத்தார்.

வெண்மதி குச்சிகளைக் கீழே வைத்தாள். அவளருகே ஒரு கிரில் துண்டு நிறுத்தப்பட்டிருந்தது. அதில் ஒரு பழைய பித்தளைப் பூட்டு. பூட்டைத் தூக்கி அடித்தாள். மூன்று தட்டு. ஒரு மூச்சு. இரண்டு தட்டு. லோகநாயகியின் வலக்கை நாற்காலியின் பிடியில் அதே தாளத்தில் ஒருமுறை எழுந்து, பாதியில் நின்றுவிட்டது.

கிட்டார் எங்கே நுழைந்தது என்று எனக்குத் தெரியாது. முதல்முறையாகச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் மூன்று வரிகளையும் வெண்மதி எப்போதும்போல் கத்தினாள். நான்காவது வரியில் கத்தவில்லை. கிட்டாரை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தி, அத்தனை பேருக்கும் விளங்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

லோகநாயகி என் பக்கம் திரும்பவில்லை.