மாப்பிள்ளை வீட்டுக் கலர்

என் வீட்டுக்காரர் பிரசன்னா அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டையான பெட்டி, மேலெல்லாம் திருகுகளும் பொத்தான்களும்.

"இன்னாயா இது?"

"எடிட்டிங் கன்சோல். மௌஸ்ல கோட்டப் புடிச்சி இழுத்துகினு கெடக்க வேணாம். வெளிச்சத்துக்கு ஒரு திருகு, கலருக்கு ஒரு திருகு. கை இதும்மேல இருக்கும், கண்ணு படத்துமேல இருக்கும்."

"என் கண்ணு இத்தினி நாளா எங்க இருந்துச்சாம்? பக்கத்து வூட்லயா?"

அவர் சிரித்தார். பென்னலூரில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் ஸ்டுடியோ. கல்யாணம் காதுகுத்து எல்லாம் அவர் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் சரிசெய்து ஆல்பம் போடுவேன். ஒரு நல்ல லென்ஸ் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இதைத் தூக்கிக்கொண்டு வந்தால் கோபம் வராதா? பெட்டியை ஓரமாகத் தள்ளினேன். டீ டம்ளர் வைக்க வசதியாகத்தான் இருந்தது.

எனக்கு எதற்குத் திருகு? கீபோர்டில் ஒரே ஒரு பொத்தான் போதும். அதற்கு நான் வைத்த பெயர் 'மாப்பிள்ளை வீட்டுக் கலர்'. அழுத்தினால் மொத்தக் கல்யாணத்திலும் மணப்பெண் முகத்தை மட்டும் தேடிப் பிடித்து வெளுத்துவிடும். இந்தப் பக்கத்தில் யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. செய்யாமல் விட்டால்தான் சண்டைக்கு வருவார்கள். எங்கள் கல்யாணப் படத்துக்கும் அதே கலர்தான். சாம்பிளுக்கு அதையே சுவரில் மாட்டியிருக்கிறோம்.

ஷாரோன் கல்யாணத்துக்கும் அழுத்தினேன். செல்போன் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை செய்கிற பெண். குன்றத்தூர் மாப்பிள்ளை, சர்ச்சில் கல்யாணம். மாதிரிப் படங்களைக் கொடுத்தனுப்பிவிட்டேன். ஆல்பம் அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தவள், ஒரு படத்தை என் முன்னால் வைத்தாள். அவள் அப்பா, பெயரே மண்ணாங்கட்டி, அவள் கையைப் பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போகும் படம்.

"அக்கா, இது யாரு?"

"நீதான்."

"எங்கப்பா இட்டுகினு போறது யார் வூட்டுப் பொண்ண?"

பார்த்தேன். இவள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள். அவர் எடுத்தபடியே கறுத்துக் கிடந்தார்.

"நல்லாத்தானே கீது" என்றேன், வீம்புக்கு.

"அப்பாவும் அதான் சொன்னாரு. 'நீ சோக்கா கீற மா, நான்தான் திருஷ்டி பொம்மையாட்டம் பக்கத்துல நிக்கிறேன். உன் மாமியா வூட்ல பாத்தா ஒரு மாதிரி இருக்கும், என்னைக் கட் பண்ணிடச் சொல்லிடு'ன்னாரு." படத்தை என் பக்கம் தள்ளினாள். "அவுரு இல்லாத ஆல்பம் எனக்கு வேணாங்க்கா. வெளிய வண்டில குந்திகினு கீறாரு. கூப்ட்டா உள்ள வரமாட்டேன்றாரு."

வெளுத்ததை எடுத்துவிட்டு ஒரிஜினலைத் திறந்தேன். அது அதைவிட மோசம். அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்ததில், இரண்டு முகமும் சேறாகக் கிடந்தன. மௌஸைப் பிடித்து ஏற்றினேன்.

"அக்கா, மறுபடியும் வெளுத்துட்டேன்."

இறக்கினேன். ஏற்றினேன். மறுபடியும் அதே வெளுப்பு. சே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முகத்தையே பார்க்கவில்லை. திரை ஓரத்தில் வெளிச்ச அளவைக் காட்டும் எண்ணைத்தான் பார்க்கிறேன். வழக்கமான எண் வந்தால்தான் என் கை நிற்கிறது.

பிரசன்னா டம்ளரை எடுத்துவிட்டுப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி, வயரைச் செருகினார். ஓரத்து எண்களைத் திரையிலிருந்து மறைத்தார். அவரை முறைத்துக்கொண்டேதான் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தேன்.

இடது கையில் வெளிச்சம், வலது கையில் நிறம். பார்ப்பதற்கு அந்த இரண்டு முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மெல்லத் திருகினேன். முதலில் அவர் நெற்றி தெளிந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். அதே நெற்றி அவளுக்கும் வந்தது. பிறகு மூக்கு, கன்னத்து எலும்பு. அட, இவ்வளவு அழகான பெண்ணா இவள்!

"நிறுத்துக்கா!" என்று ஷாரோன் கத்தினாள். கையை எடுத்துவிட்டேன்.

ஓடிப்போய் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள். மண்ணாங்கட்டி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, "கட் பண்ணிட்டியா மா?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்களே பாருங்கண்ணா."

குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் மகளின் மூக்குமேல் விரலை வைத்தார். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்பிடியே என்னாட்டமே கீற மா" என்றார். "அவங்க வூட்ல இன்னா சொல்வாங்களோ?"

"சொல்லிட்டுப் போட்டும் பா. இதான் மொதப் பக்கம்."

அவர்கள் வண்டி கிளம்பிப் போனதும் பிரசன்னா மெதுவாகக் கேட்டார். "இப்ப சொல்லு. வாங்குனது தண்டமா?"

"கேக்காம வாங்குனது தப்புதான்" என்றேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சுவரைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் படத்தில் நான் வெள்ளைவெளேரென்று சிரித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் என் அப்பா, கறுப்பாக, கொஞ்சம் தள்ளியே நின்றிருந்தார். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது.

"யோவ்," என்றேன், "நம்ம கல்யாணத்து ஒரிஜினல எங்கய்யா வெச்சிகீற?"