மருந்து போடாத குண்டு

துப்பாக்கியின் குதிரை விழுந்தது. ‘டிக்’ என்று கேப்பு மட்டும் வெடித்தது. அதோடு சரி.

நாற்பது கஜத்தில் நின்றிருந்த ஆண் எல்க் மான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. மதப் பிரசாரத்துக்காகக் கதவைத் தட்டியவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. நான் இன்னும் துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி, வரப்போகும் புகைக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். அது கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு, இலை மஞ்சளான ஆஸ்பென் மரங்களுக்குள் நடந்து போய்விட்டது. ஓடக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

அறுபது அடி பின்னால் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து மச்சான் ஹார்லன் எழுந்தான். என் மனைவி நதீனின் அண்ணன். விடிந்ததிலிருந்து வாயில் ரப்பர் சீழ்க்கையை வைத்து, துணை தேடும் பெண் எல்க்காக மாறி ஏங்கி ஏங்கி அழுது அந்த ஆணை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தவன். சீழ்க்கையைக் கையில் துப்பிவிட்டு வந்தான்.

“என்ன மாப்ள, வழியனுப்பி வச்சிட்டியா?”

“கேப்பு மட்டும்தான் வெடிச்சுது மச்சான்.”

“எனக்கும் கேட்டுது. அதுக்கும் கேட்டுது. வாயை அந்தப் பக்கமே வச்சிரு. துப்பாக்கி வாயச் சொன்னேன். உன் வாயை நான் எப்பவோ கைவிட்டாச்சு.”

வெடிமருந்து தாமதமாகப் பற்றும் அபாயம் உண்டு என்பதால் குழலை மேட்டைப் பார்த்து நீட்டியபடி கொஞ்சநேரம் நின்றேன். எதுவும் நடக்கவில்லை. பிறகு கெட்டிக்கும் கம்பை எடுத்துக் குழலுக்குள் விட்டேன். மருந்தும் குண்டும் சரியாக இருந்தால் எதுவரை இறங்கும் என்று கம்பில் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மருந்துத் துப்பாக்கி பிடிக்கிற எல்லோரும் போடுவதுதான். கீறலைத் தாண்டி இரண்டு விரற்கடை உள்ளே போனது.

“மருந்தே போடல,” என்றேன்.

“குண்டு?”

“குண்டு பத்திரமா இருக்கு.”

“முந்நூறு கிலோ மிருகம். ஈயத்தை உருட்டிக் காட்டிப் பயமுறுத்தலாம்னு பாத்தியாக்கும்.”

எப்போது நடந்தது என்று எனக்கே தெரியும். விடியுமுன் கூடாரத்து வாசலில் கெட்டித்துக்கொண்டிருந்தபோது, வன அதிகாரியின் சாப்பாட்டுப் பெட்டியைக் கரடி தூக்கிப் போன கதையை மச்சானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையில் கரடி பெட்டியைத் திறந்த நேரத்தில் நான் மருந்தை அளந்து ஊற்றியிருக்க வேண்டும். நான் கரடியாக நடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் சிரிக்கவும் இல்லை. ஏழு வருடம் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து கிடைத்த வேட்டை அனுமதி இது.

சொல்லப்போனால் அந்தக் கதையே வேறொன்றைக் கேட்கத் தைரியம் வராமல் சொன்னதுதான். நதீன் ஜூன் மாதத்திலிருந்து கன்னிசன் ஊரில், ஹார்லன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். மருத்துவர் மார்பில் ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த அன்று, அவள் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அதை என்னிடம் சொன்னாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இங்கே எழுதப்போவதில்லை. நல்ல ஜோக்கும் இல்லை. கட்டி ஒன்றுமில்லை என்று பத்து நாளில் தெரிந்துவிட்டது. அதற்குள் அவள் பெட்டியோடு போய்விட்டிருந்தாள்.

அவள் திரும்பி வருவாளா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த மலைக்கே வந்தேன். எல்க் இரண்டாம்பட்சம். வந்த நாளிலிருந்து கேட்டும் பார்த்தாயிற்று. “மச்சான், உங்க வீட்டு மாடியில என் பொருள் ஒண்ணு கெடக்கு, எப்ப திருப்பித் தருவ?” என்றேன். “மாடியில வாடகைக்கு ஆள் வச்சிருக்கியாமே, ஒழுங்கா வாடகை குடுக்குதா?” என்றேன். ஒவ்வொரு தடவையும் அவன் வானத்தைப் பார்த்து, காற்று மாறுகிறது என்று சொன்னான். காற்று அத்தனை தடவை மாறியிருந்தால் மலையே இடம்பெயர்ந்திருக்கும்.

உள்ளே மாட்டிய குண்டை வெளியேற்ற வேண்டும். கேப்பு உட்காரும் காம்பைச் சாவி போட்டுக் கழற்றி, அந்தத் துளை வழியாக மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டி இறக்கினேன். மூக்குப்பொடி போடுகிற வேலை. மச்சான் பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“கரடி என்னாச்சு?” என்றான்.

“எந்தக் கரடி?”

“காலைல பாதியில விட்டியே.”

“விடு மச்சான்.”

குண்டை மண்மேட்டில் சுட்டுத் தீர்த்தேன். சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டு போய், எங்கள் வட்டாரத்து எல்க்குகளுக்கெல்லாம் விடுமுறை அறிவித்தது. மாலைவரை இனி வேலையில்லை.

கூடாரத்தில் மச்சான் குழம்பைச் சூடாக்கினான். பச்சைமிளகாயும் பன்றிக்கறியும் போட்டு, வீட்டிலேயே உறையவைத்துக் கட்டியாக எடுத்துவந்தது. முதல் வாயிலேயே யார் கைப்பக்குவம் என்று தெரிந்துவிட்டது. இருந்தும் கரண்டியால் கிண்டிப் பார்த்தேன். கேரட் இல்லை. ஹார்லன் வீட்டில் கேரட் இல்லாமல் குழம்பே வைக்கமாட்டார்கள். கேரட் தொடாதவன் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான், அவன் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இது யார் வச்சது?”

“சூடா இருக்கில்ல? தின்னு.”

“கேரட்டக் காணோமே.”

“முயல் வந்து தின்னுருச்சு. அளக்காம தின்னு மாப்ள.”

பதிலுக்கு ஒரு முயல் ஜோக் நாக்குவரை வந்தது. அதைக் குழம்போடு சேர்த்து விழுங்கினேன். எனக்கே வியப்பாக இருந்தது. மச்சானும் கரண்டியை நிறுத்திவிட்டு ஒருகணம் என்னைப் பார்த்தான், காய்ச்சலோ என்பதுபோல.

மாலையில் கிளம்புமுன் மறுபடி கெட்டித்தேன். மருந்தை அளந்தேன், ஊற்றினேன். கொழுப்பு தடவிய துணியில் குண்டை வைத்து அழுத்தினேன். கம்பு சரியாகக் கீறலில் வந்து நின்றது. இவ்வளவும் ஒரு வார்த்தை பேசாமல். மச்சான் குனிந்து கீறலைப் பார்த்தான்.

“உடம்புக்கு ஏதும் இல்லியே?” என்றான்.

“இல்ல.”

ஓடைக்கு மேலே, ஸ்ப்ரூஸ் மர நிழலில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மச்சான் பின்னால் ஏங்க ஆரம்பித்தான். காற்று கீழிறங்கி என் முகத்தில் அடித்தது. இந்தத் தடவை உண்மையாகவே மாறியிருந்தது. மேலேயிருந்து துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு கனைப்பு. கொஞ்சம் கழித்து இன்னும் கிட்டத்தில் ஒன்று. பிறகு ஓடைத் தண்ணீரில் குளம்புச் சத்தம். வந்த எல்க் காலையில் பார்த்ததைவிடச் சின்னது. ஒரு பக்கக் கொம்பு நுனியில் ஒடிந்திருந்தது. முப்பது கஜத்தில் விலாவைக் காட்டி நின்றது.

சுட்டேன். வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மூடியது. அது விலகுகையில் எல்க் ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்து, யோசித்ததுபோல நின்று, மெதுவாகப் படுத்தது.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அதன் கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன். மச்சானும் அதற்காகக் காத்திருந்தான். நான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தோம். நான் காலைத் தூக்கிப் பிடிக்க அவன் தோலைப் பிரித்தான். பின்தொடையை வெட்டித் துணிப்பையில் போட்டு, கயிறு கட்டிக் கிளையில் ஏற்றினோம். ஈரலைத் தனியாக எடுத்து வைத்தான். நதீனுக்கு வெங்காயத்தோடு வதக்கிய ஈரல் என்றால் உயிர்.

“ஈரல் மாடி வீட்டுக்கா?” என்று கேட்க நல்ல வாய்ப்பு. வாயைத் திறந்தும்விட்டேன். மச்சானின் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். அவன் அதற்குள் வானத்தைப் பார்க்கத் தயாராகிவிட்டான். வாயை மூடிக்கொண்டேன். கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது.

“மச்சான், நதீன் என்கிட்ட திரும்பி வருவாளா?”

அவன் வானத்தைப் பார்க்கவில்லை. கத்தியைப் புல்லில் இரண்டு பக்கமும் துடைத்து உறையில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“இந்தக் குளிர்காலம் வரமாட்டா, மாப்ள. அவளே என்கிட்ட சொல்லிட்டா. பனி உருகுனதும் நீ வீட்டுக்கு வா, மாடிக்கு ஏறிப் போயி அவகிட்ட நேரா கேளு. இப்ப கேட்டியே, இதே மாதிரி கேட்டீன்னா, வருவா.”