முள் காட்டாத வலி

தனக்கு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நரம்புப் பரிசோதனைக்கு முந்தின நாள், நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் விடுதிப் போர்வைகளை வேண்டுமென்றே இழுத்துப் போட்டுக்கொண்டு தேய்த்தேன். "தோள் போயிடும்டி, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. போகட்டும் என்றுதான் தேய்த்தேன். வலி உச்சத்தில் இருக்கும்போது போய்ப் படுத்தால் மிஷினில் கையும் களவுமாக மாட்டும் என்பது என் கணக்கு.

என் வீட்டுக்காரர் தராசு ரிப்பேர் செய்பவர். முள் காட்டினால்தான் எதையும் நம்புவார். எனக்கோ கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று வலி ஊர் சுற்றுகிறது. உள்ளங்கால் எரிகிறது. தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ரத்தத்தில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. "நேத்து கால்னே, இன்னிக்கு முதுகுங்கற. ஏதாவது ஒண்ணுல நில்லேன்" என்பார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டாவது ஆறிப்போவேன்.

பரிசோதனையில் கையிலும் காலிலும் சுருக் சுருக்கென்று கரண்ட் வைத்தார்கள். ஒவ்வொரு சுருக்குக்கும், நரம்பு கெட்டிருக்கட்டும், கெட்டிருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

"நல்ல சேதிம்மா. நரம்பெல்லாம் நார்மல்" என்றார் டாக்டரம்மா. நான் ஓவென்று அழுதேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரருக்கு மானம் போயிற்று.

டாக்டரம்மா நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்தார். "நரம்பு நசுங்கினாலோ அடிபட்டாலோ வர்ற வலி வேற. அந்த நரம்பு போற பாதையிலதான் எரியும், மரத்துப்போகும். உங்களுக்கு இருக்கறது ஃபைப்ரோமயால்ஜியான்னு நினைக்கிறேன். நரம்பு கொண்டுவர்ற சேதியை மூளையும் தண்டுவடமும் பெருசாக்கிடுது. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். ரொம்ப மெல்லிசான நரம்புல கோளாறுன்னா இந்த டெஸ்ட்ல தெரியவும் தெரியாது."

"அப்போ தராசுதான் கோளாறு" என்றார் வீட்டுக்காரர். "எடையே இல்லாம முள்ளு ஓடுது. அப்படித்தானே?"

"அந்த முள்ளு ஓடறதுதாங்க வலியே. அது நிஜம்."

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார். முந்தின நாள் போர்வை தேய்த்த தோள். நான் அலறிய அலறலில் டம்ளர் உருண்டது.

"மெதுவாத்தானே வெச்சேன்... சத்தியமா, சும்மாத்தான் வெச்சேன்."

"தெரியும். மெதுவாத்தான் வெச்சீங்க."

சந்தேகப்பட்ட எடைக்கல்லைப் புரட்டிப் பார்ப்பதுபோலத் தன் கையை இரண்டு பக்கமும் பார்த்தார். "இவ்வளவு நாளும் இப்படியேவா?" என்று கேட்டார். அவர் கண் நிறைந்துவிட்டது.

நம்பிவிட்டார். இந்த ஒரு நாளுக்காகத்தான் போர்வை போர்வையாகத் தேய்த்து என்னையே வதைத்துக்கொண்டேன்.

இப்போது தண்ணீர்க் குடத்தை அவரே தூக்குகிறார். துணியை அவரே பிழிகிறார். வாசற்படியில் எதிரே வந்தால் மேலே பட்டுவிடாமல் ஒருக்களித்துப் போகிறார். கட்டிலில் விளிம்பிலேயே படுக்கிறார். பக்கத்தில் கூப்பிட்டால், "வேணாம்மா, வலிக்கும்" என்கிறார்.

வலித்தால் வலிக்கட்டும், வாங்க என்று அழுதும் பார்த்துவிட்டேன். வர மாட்டேன் என்கிறார்.